மார்த்தின் கண்ணில் விழுந்த உமி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் அம்முலுவின் வீடு எது என்று கேட்டால், "பகல் பூரா கதவ சாத்திக்கினு படம் பாக்குமே, அந்தம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் மகள் திவ்யா கல்லூரி பஸ் ஏறிப் போவாள். கணவன் வேதகிரி வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு வண்டியைக் கிளப்புவான். அதற்கப்புறம் அம்முலு உள் அறைக்குள் போய்விட்டால் மூன்று மணி வரைக்கும் வெளியே தலை தெரியாது. அந்த அறையின் சன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கும். மேசை மேல் இரண்டு பெரிய திரைகள் இருக்கும்.

படம்தான் பார்க்கிறாள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு நிமிடப் படத்தைப் பார்த்து முடித்தாலே பெரிய விஷயம். பழைய பிலிம் சுருள்களைக் கணினியில் ஏற்றி, அவற்றில் படிந்த அழுக்கையும் விழுந்த கீறலையும் ஃபிரேம் ஃபிரேமாகத் துடைப்பது அவள் வேலை. சினிமாவில் ஒரு வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம். கதாநாயகன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் அம்முலு நாற்பது படத்தைத் துடைத்தாக வேண்டும்.

திருமுக்கூடல் பக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். டிகிரி முடித்த கையோடு கோடம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டுப் படங்களும் உள்நாட்டுப் படங்களும் அங்கே சுத்தம் பண்ண வரும். நீள ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்து அதே வேலையைச் செய்தார்கள். அரிசியில் கல் பொறுக்கிற மாதிரிதானே என்று நினைத்துத்தான் அவள் சேர்ந்தாள். நினைப்பு அவ்வளவு தவறில்லை. எட்டு வருஷம் பொறுக்கினாள். திவ்யா வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டாள். அதற்குப் பிறகு கொரோனா வருஷத்தில், கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிற தானியேல் சார் போன் பண்ணினார். "வீட்டுலருந்தே பண்ணலாம் அம்முலு. மெஷின் நான் அனுப்பறேன். உங்க கண்ணு எனக்கு வேணும்."

அந்த வார்த்தையை அம்முலு வேதகிரியிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவன் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டான்.

போன வருஷம் தை மாசம் அவளுக்கு வேறு மாதிரி வேலை ஒன்று வந்தது. பிரான்சு நாட்டில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அந்த ஊரில் அதைத் தெரியாதவர்கள் இல்லையாம். அதன் பிரெஞ்சுப் பேர் அம்முலுவின் வாயில் நுழையவில்லை. அவளுடைய கம்ப்யூட்டரில் அதற்குக் 'களத்துப் படம்' என்று பேர். வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக அந்தப் படம் இதுவரை மூன்று தடவை வெளிவந்திருந்தது. முதலில் வீடியோ கேசட், அப்புறம் டிவிடி, பத்து வருஷத்துக்கு முன்னால் ப்ளூரே. இப்போது பாரிசில் மூல நெகட்டிவைத் தேடி எடுத்துப் புதிதாக ஸ்கேன் செய்திருந்தார்கள். நாலாவதாக ஒரு பதிப்பு வரப்போகிறது. துடைக்க ஆரம்பிக்கும் முன், பழைய மூன்றையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது, எதில் என்ன இல்லை என்று பட்டியல் எழுத வேண்டும். அந்தப் பட்டியல் அம்முலுவிடம் வந்தது.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல். ப்ளூரே தொண்ணூற்றாறு நிமிஷம் ஓடியது. கேசட்டும் டிவிடியும் தொண்ணூற்றிரண்டு. நாலு நிமிஷப் படத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு காட்சியாகத் தேடினாள். ஒரு காட்சிகூடக் குறையவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதாநாயகி மார்த் பாடுகிற இடத்தை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டாள். டிவிடியில் அவள் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது, வயசு நாலைந்து குறைந்தவள் மாதிரி. அப்போதுதான் பிடிபட்டது. வெட்டவில்லை, வேகமாக ஓட்டியிருக்கிறார்கள்! வினாடிக்கு இருபத்துநாலு ஓட வேண்டியது இருபத்தைந்து ஓடியிருக்கிறது.

தானியேலுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"ஆமா அம்முலு, ஐரோப்பா டிவிக்கு அந்தக் காலத்துல அப்படித்தான் ஓட்டுவாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். உங்களுக்குச் சொல்ல மறந்துட்டேன்."

மூன்று நாள் உழைப்பு ஒரே வாக்கியத்தில் முடிந்துபோனது. இருந்தாலும் யாரும் சொல்லாமல், காதாலேயே கண்டுபிடித்தோம் என்பதில் அவளுக்கு ஒரு நிறைவு. அன்று சாயங்காலம் டீயில் சர்க்கரை தாராளமாகவே விழுந்தது.

அதற்கப்புறம் வேலை சூடு பிடித்தது. மூன்று பதிப்பிலும் படத்தின் ஓரங்களை வெவ்வேறு அளவுக்கு நறுக்கியிருந்தார்கள். களத்தின் ஓரத்தில் ஒரு ஆடு நிற்கும். ப்ளூரேயில் முழு ஆடு, டிவிடியில் பாதி ஆடு, கேசட்டில் ஆடே இல்லை. இதை அப்படியே பட்டியலில் எழுதினாள். சுத்தத்தைப் பார்த்தால் ப்ளூரேக்கு இணை கிடையாது. டிவிடியில் படம் முழுக்கத் தூறல் போடுவது போல் கீறல்கள். ப்ளூரே கழுவித் துடைத்த கண்ணாடி. பாரிசிலிருந்து வந்த கடிதத்திலும், ப்ளூரே அளவுக்காவது சுத்தம் வேண்டும் என்றுதான் இருந்தது.

அறுபத்தோராம் நிமிஷத்தில் அந்தக் காட்சி வந்தது.

மலையோரக் கிராமம். அறுவடை முடிந்து, பெண்கள் களத்தில் நின்று தட்டைக் கூடைகளில் கோதுமையைத் தூற்றுகிறார்கள். மார்த்தும் தூற்றுகிறாள். அவளுடைய அண்ணன் ஊரைவிட்டுப் போய் ஒரு மாசம் ஆகிறது. அவளை மனசுக்குள் விரும்புகிற மில்காரர் மகன் அங்கே வருகிறான். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். "அழுகிறாயா?" என்று கேட்கிறான். "இல்லை, தூசி" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி, ஐம்பத்திரண்டு வினாடி. ப்ளூரேயோடு வந்த சிறு புத்தகத்தில் யாரோ ஒரு பேராசிரியர் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அண்ணனை நினைத்து அழுதவள் அதை மறைக்கச் சொன்ன பொய்யாம். சினிமாவிலேயே இவ்வளவு அழகான பொய்யை எவரும் சொன்னதில்லையாம். தானியேல் அதன் ஆங்கிலப் பிரதியை அனுப்பியிருந்தார். திவ்யா வாசித்துச் சொல்லி, அம்முலுவும் கேட்டிருந்தாள்.

இப்போது அம்முலு ப்ளூரேயில் அந்தக் காட்சியை ஓட்டினாள். என்னவோ இடித்தது. மறுபடி ஓட்டினாள். கூடை மேலே போகிறது, கோதுமை கீழே விழுகிறது, பெண்களின் முக்காடு காற்றில் படபடக்கிறது. ஆனால் எதுவுமே பறக்கவில்லை.

"தூத்துனா உமி பறக்க வேணாமா?" என்று தனியாகவே கேட்டுக்கொண்டாள்.

டிவிடியைப் போட்டாள். கீறலும் புள்ளியுமாகப் பூச்சி மொய்த்தது போல் இருந்தது. புதிய ஸ்கேனைத் திறந்தாள். அதிலும் இன்னும் துடைக்காத அழுக்கு அப்பிக்கிடந்தது. ஆனால் அந்த அழுக்குக்கு நடுவே வேறொன்றும் இருந்தது. இடப்பக்கமிருந்து வலப்பக்கம், முக்காடு பறக்கிற அதே திசையில், பொடிப் பொடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். ஒரு புள்ளி மார்த்தின் முகத்தை நோக்கி வந்தது. வந்த இடத்தில் அவள் இமை மூடியது. அடுத்த நொடி கை கண்ணுக்குப் போனது.

பத்து வருஷத்துக்கு முன்னால் ப்ளூரேக்காகத் துடைத்த மெஷின், அழுக்கோடு சேர்த்து உமியையும் துடைத்துவிட்டிருந்தது.

அம்முலு போன் பண்ணித் தானியேலிடம் சொன்னாள். அவர், "அந்த ப்ளூரே இப்போ நமக்கு வேலை குடுத்திருக்கிறவங்களே போட்டது அம்முலு. அவங்கள குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். நம்ம வேலைய மட்டும் பாப்போமே" என்றார்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல சார். அந்தப் பொண்ணு பொய் சொல்லல. தூசி வுழுந்துதுன்னு சொல்லிச்சி, நெசமாவே வுழுந்துது. அத்த மட்டும் எழுதணும்."

"பேராசிரியர் ரெண்டு பக்கம் எழுதியிருக்காரே?"

"அவுரு ப்ளூரே பாத்துட்டு எழுதியிருக்காரு. தொண்ணூறு வருசம் முன்னாடி தியேட்டர்ல பாத்தவங்க உமியத்தான் பாத்திருப்பாங்க."

தானியேல் நல்ல மனிதர். தயங்கினாலும், ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பிவைத்தார்.

ஒரு வாரம் கழித்து, பாரிசில் இந்த வேலைக்குப் பொறுப்பான இசபெல் என்ற அம்மாளிடமிருந்து பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பட்டியல் மிக நேர்த்தி, குறிப்பாக அந்த ஆடு, என்று பாராட்டியிருந்தார். ஆனால் களத்துக் காட்சியில் அம்முலு வட்டமிட்டுக் காட்டிய புள்ளிகளை ஆராய்ந்ததில், பெரும்பாலானவை ஒரே ஒரு ஃபிரேமில்தான் இருக்கின்றன. அடுத்த ஃபிரேமில் காணோம். ஒரே ஃபிரேமில் வந்து போவது பிலிமில் ஒட்டிய அழுக்கு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம் அல்லவா? வேறு சான்று இருந்தால் பத்து நாளுக்குள் அனுப்பலாம்.

அம்முலு போய்ச் சரிபார்த்தாள். அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். மார்த்தின் முகத்துக்கு வந்த புள்ளி நாலு ஃபிரேம் தொடர்ந்து தெரிந்தது. மற்றவை அப்படி இல்லை. ஒன்றில் பளிச்சென்று தெரிவது அடுத்ததில் இல்லை. கோடம்பாக்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே எத்தனையோ தடவை சொன்ன விதி அது. வந்துபோனால் அழுக்கு, தொடர்ந்து நின்றால் பொருள். அவமானமாக இருந்தது. அன்று அவள் உலை வைத்ததோடு சரி, குழம்பு வைக்க மறந்துவிட்டாள்.

வேதகிரி மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "இன்னா அம்முலு, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றான்.

சொன்னாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டவும் செய்தாள். இருபது வருஷமாக மில்லில் நெல்லும் தவிடும் உமியுமாகப் புழங்குகிறவன் அவன். திரைக்கு மிகக் கிட்டே குனிந்து பார்த்தான்.

"உமி கல்லு மாதிரியா போவும்? பொரண்டு பொரண்டு போவும். வவுத்துப் பக்கம் திரும்புச்சின்னா வெயில் பட்டு மின்னும். விளிம்பு திரும்புச்சின்னா ஒண்ணுமே தெரியாது. எங்க மில்லுல காத்தாடி வுடுற எடத்துல வந்து நின்னு பாரு. மின்னி மின்னித்தான் போவும்."

அம்முலு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மூன்று ஃபிரேமை அடுத்தடுத்து வைத்தாள். பளிச், இல்லை, பளிச். நடுவில் காணாமல் போனது மூன்றாவதில் இரண்டு விரற்கடை தள்ளி, காற்றுப் போகிற பக்கமாகவே இருந்தது. மெஷின் அதை மூன்று தனித்தனி ஃபிரேமாகப் பார்த்து, வந்துபோன அழுக்கு என்று தீர்த்துக் கட்டியிருக்கிறது.

"இத எப்படிங்க அவங்களுக்குக் காட்டுறது?"

"தூத்திக் காட்டு" என்றான் வேதகிரி.

அது பங்குனி மாசம். நெல்லை எல்லாம் மெஷின் அறுத்துக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஆனால் உளுந்து அப்படி இல்லை. ஊருக்கு வெளியே ரோட்டோரமாகத் தார்ப்பாய் விரித்து, செடியை அடித்து, முறத்தில் எடுத்துக் காற்றில் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அம்முலுவுக்குத் தெரிந்த செங்கேணியும் அங்கே இருந்தாள். அம்முலுவின் வயசுதான் அவளுக்கும். சுற்றுவட்டாரத்தில் அவள் தூற்றினால் மறுபடி புடைக்க வேண்டியதில்லை என்பார்கள். அம்முலு கைப்பேசியை வினாடிக்கு இருபத்துநாலு ஃபிரேம் எடுக்கிறபடி திருத்தி, ஸ்டாண்டில் பொருத்தி நிறுத்தினாள்.

"இன்னாத்துக்குடி என்னப் புடிக்கிற? நான் இன்னா சினிமா ஸ்டாரா?" என்றாள் செங்கேணி.

"பாரிஸுக்கு அனுப்பணும்."

"உளுந்தா?"

"நீ தூத்துறத."

செங்கேணி முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை உதறி இழுத்துச் செருகினாள். தலைமுடியைத் தட்டிச் சரி பண்ணிக்கொண்டாள். "அப்ப ஒயுங்கா புடி. காத்து இப்டிக்கா வருது, நீ அந்தாண்ட போய் நில்லு. காய்த்தோலு, பொட்டெல்லாம் உன் மேல வந்து வுழும், பரவால்லியா?"

"அதான் எனக்கு வேணும்" என்றாள் அம்முலு.

அன்று எடுத்ததைக் கொண்டுவந்து ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தாள். செங்கேணியின் முறத்திலிருந்து கிளம்பிய ஒரு பொட்டு முதல் ஃபிரேமில் மின்னியது, இரண்டாவதில் மறைந்தது, மூன்றாவதில் மின்னியது. அதற்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக் களத்தின் மூன்று ஃபிரேம்களையும் வைத்தாள். இரண்டையும் அம்புக்குறி போட்டு இணைத்தாள். உளுந்து எவ்வளவு செங்குத்தாக விழுகிறது, தோல் எவ்வளவு தூரம் போகிறது என்று அளவும் எழுதினாள். பதினோரு படங்கள், ஒரு வீடியோ. கடைசியில் ஒரு வரி சேர்க்கத் தானியேலிடம் சொன்னாள்: 'தூற்றுகிறவர்: செங்கேணி, உத்திரமேரூர்.'

இந்தத் தடவை பதில் வர ஒரே நாள்தான் ஆனது. அதுவும் கடிதமாக இல்லை. இசபெல் அம்மாள் தானியேலையும் சேர்த்துக்கொண்டு வீடியோ காலிலேயே வந்துவிட்டார். நரைத்த கிராப்பும் சிவப்புக் கண்ணாடியுமாக இருந்தார். அவர் பேசப் பேசத் தானியேல் தமிழில் சொன்னார்.

"செங்கேணி அம்மாவோட வீடியோவ ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்களாம். இவங்க இந்தப் படத்த இருபது தடவைக்கு மேல பாத்தவங்களாம். மார்த் பொய் சொல்றான்னே நெனச்சிக்கிட்டு இருந்தாங்களாம். பேராசிரியருக்கு அனுப்பியிருக்காங்க. அவருக்கு நேத்துலருந்து மனசே சரியில்லையாம். கட்டுரைய திருத்தி எழுதறேன்னு சொல்லிட்டாராம்." தானியேல் கேமரா பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். "அந்தக் காட்சியில மெஷின் கை வைக்கக் கூடாதாம். நீங்க ஒருத்தர் மட்டும்தான் கையால பண்ணணுமாம்."

அம்முலு தலையை ஆட்டினாள். 

ஐம்பத்திரண்டு வினாடியில் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு ஃபிரேம். ஒவ்வொன்றிலும் முப்பது, நாற்பது புள்ளி. ஒவ்வொரு புள்ளியையும் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, இது உமி, இது அழுக்கு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். காற்றின் போக்கில் போகிறதா? புரளுகிறதா? பக்கத்தில் கூட்டாளி இருக்கிறதா? சந்தேகம் வந்தால் விட்டுவைத்தாள். மெஷின் சந்தேகம் வந்தால் அழிக்கும். வேலை முடியப் பதினோரு நாள் ஆனது. கடைசி நாள் முழுக் காட்சியையும் ஓட்டியபோது வானம் வெறிச்சென்று சுத்தமாக இருந்தது. அதில் உமி பொன் மாதிரி பறந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அவளுக்குப் பொன்னாகத்தான் தெரிந்தது.

ஐப்பசியில் புதிய டிஸ்க் வெளிவந்தது. அதற்காகச் சென்னையில் ஒரு சனிக்கிழமை காலை சிறப்புக் காட்சி வைத்தார்கள். அம்முலுவைக் கட்டாயம் வரச்சொல்லித் தானியேல் அழைத்தார். அவள் வேதகிரியையும் செங்கேணியையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். திவ்யாவுக்குத் தேர்வு இருந்ததால் வர முடியவில்லை.

முன்னூறு பேர் உட்காரக்கூடிய அரங்கு. கல்லூரிப் பிள்ளைகளும் வெள்ளைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். வசனம் பிரெஞ்சு, கீழே ஓடிய எழுத்து ஆங்கிலம். செங்கேணிக்கு இரண்டும் தெரியாது. ஆனால் முதல் அரைமணியிலேயே யார் யாருக்கு என்ன உறவு என்று சரியாகச் சொல்லிவிட்டாள். களம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை அகலத்துக்கு உமி பறந்தது. மார்த்தின் இமை மூடியது.

"ஐயோ பாவம், கண்ணுல வுய்ந்துட்சி!" என்றாள் செங்கேணி, அரங்கமே கேட்கும்படி.

கீழே எழுத்து வரவே இன்னும் சில வினாடி இருந்தது. மில்காரர் மகன் வந்து, அழுகிறாயா என்று கேட்டான். தூசி என்றாள் மார்த். அரங்கம் மொத்தமும் சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை. அந்தப் பெண்ணோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு. மார்த்தும் அந்த இடத்தில் லேசாகச் சிரிக்கத்தான் செய்கிறாள். இத்தனை வருஷமும் அதைச் சோகப் புன்னகை என்றே எழுதிவந்திருந்தார்கள். அம்முலுவின் கையை வேதகிரி இருட்டில் ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டான்.

படம் முடிந்து, சீரமைத்தவர்களின் பேர்ப் பட்டியல் வந்தது. களத்துக் காட்சி என்று போட்டு, எதிரே அவள் பேர் தனியாக வந்தது. அதற்குக் கீழே உத்திரமேரூர் என்று ஊர்ப் பேரும் வந்தது. ஊர்ப் பேரைச் சேர்க்கச் சொன்னது இசபெல் அம்மாள் என்று பிறகு தெரிந்தது. செங்கேணிக்கு அடுத்த வரியில் நன்றி சொல்லியிருந்தார்கள். அம்முலு அதைக் காட்டி வாசித்தபோது, "எங்க, எங்க?" என்று எழுந்தே நின்றுவிட்டாள் செங்கேணி. அதற்குள் வரி மேலே போய்விட்டது.

தானியேல் அம்முலுவை மேடைக்கு ஏற்றினார். அவள் மைக் பிடித்துப் பேசியதே கிடையாது. முதலில் கேள்வி கேட்டது கண்ணாடி போட்ட ஒரு கல்லூரி மாணவி.

"மேடம், நாலு எடிஷனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தவங்க நீங்க ஒருத்தர்தான். நாங்க எத வாங்கறது?"

அம்முலுவின் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. இதற்கு அவளைவிட நன்றாகப் பதில் சொல்ல உலகத்தில் ஆளில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"புதுசு வாங்குங்க. ஆடு முழுசா கீது, உமி பறக்குது, குரலும் சரியான வயசுல கேக்குது. கேசட்டு வேணாம், பாதிப் படம் வெளிய போயிட்சி. ப்ளூரே நல்லாத் தொடச்சது, ஆனா அதுல அந்தப் பொண்ணு பொய்க்காரி ஆயிட்டா." அரங்கம் மறுபடி சிரித்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள், இன்னும் முடியவில்லை என்று. "யாராண்டயாவது பழைய டிவிடி இருந்தா அத்த மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. எரைச்சல்தான் சாஸ்தி. ஆனா களத்துல குருவிங்க கத்துறது அதுலதான் கேக்கும். புதுசுல எரைச்சலோட சேத்து குருவியும் போயிட்சி. சத்தம் தொடச்சது நாங்க இல்ல. பாரிஸுக்கு எழுதியிருக்கேன், பதில் இன்னும் வரல."

மேடை ஓரத்தில் தானியேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாணவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அம்முலு மைக்கைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி யாருடையது என்று அரங்கத்தைப் பார்த்தாள்.